கண்ணுக்குத் திரை, காதுக்கு வேலை: இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

[காட்சி: காரைக்குடிக்கு அருகே ஒரு பழைய வளவு வீட்டின் அறை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. தேக்கு மேசையில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள், பக்கத்தில் ஒரு மல்டிமீட்டர்.]

வணக்கம். இந்த இரண்டு ஆம்ப்ளிஃபயர்களில் எது நன்றாக ஒலிக்கிறது என்ற வழக்கு எங்கள் வீட்டில் ஓராண்டுக் காலம் நடந்தது. பழையது என் சித்தப்பாவுடையது, புதியது நான் வாங்கியது. முதல் தடவை ஒப்பிட்டபோது சித்தப்பாவின் கண்களைத் துண்டால் கட்டிவிட்டு, இரண்டிலும் ஒரே வீணைப் பதிவை ஒலிக்கவிட்டோம். அவர் தயங்காமல் புதியதைத் தேர்ந்தெடுத்தார். மறுநாள் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் அளந்து பார்த்தேன். பழையதில் 2.00 வோல்ட், புதியதில் 2.16 வோல்ட். அதாவது புதியது சுமார் 0.7 டெசிபெல் உரக்க ஒலித்திருக்கிறது. நாங்கள் நடத்தியது ஒலி அளவுப் போட்டிதான் என்பது அப்போதுதான் புரிந்தது.

இந்த 0.7 டெசிபெல் காதுக்குச் சத்தமாகத் தெரியாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. அது "தந்தி தெளிவாகக் கேட்கிறது", "மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி நன்றாக எழும்புகிறது" என்று தரத்தின் வேடத்தில் வந்து நிற்கும். தாழ்ந்த சுருதிகளை நம் செவி மெல்லிய ஒலியில் குறைவாகவும், உரத்த ஒலியில் நிறைவாகவும் உணர்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். ஆகவே கண்ணைக் கட்டுவதற்கு முன்பே ஒலி அளவைச் சமன் செய்தாக வேண்டும்.

[காட்சி: மீட்டரின் முட்கள் ஸ்பீக்கர் முனைகளில். திரையில் 2.00 என்ற எண்.]

300 ஹெர்ட்ஸ் தூய ஒலி ஒன்றைக் குறைந்த அளவில் ஓடவிட்டு, ஒரு ஆம்ப்ளிஃபயரின் வால்யூமை 2.00 வோல்ட் காட்டும்வரை திருப்புங்கள். மற்றதை 1.98-க்கும் 2.02-க்கும் இடையில் கொண்டுவந்து நிறுத்துங்கள். இந்த ஒரு சதவீத வேறுபாடு 0.1 டெசிபெலுக்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் ஒரே மீட்டரையும் ஒரே ஒலியையும் பயன்படுத்துவதால், விலை குறைந்த மீட்டரின் பிழைகூட இரண்டின் மேலும் ஒரே அளவில்தான் விழும். அதன்பிறகு வால்யூமில் கை வைக்கவே கூடாது.

ஸ்பீக்கர்களை ஒப்பிடுவோருக்கு வோல்ட் கணக்குப் போதாது. கேட்பவர் அமரும் இடத்தில் மைக் வைத்து, இரைச்சல் ஒலியைக் கொண்டு அளக்க வேண்டும். இரண்டு பெட்டிகளும் மாறி மாறி ஒரே இடத்தில் நிற்க வேண்டும், ஏனெனில் சுவரிலிருந்து இரண்டடி தள்ளினாலே தாழ்ந்த ஒலி மாறிவிடும். ஸ்பீக்கர்களை மறைக்கும் திரைத் துணியிலும் கவனம் தேவை. வீட்டில் கிடந்த கண்டாங்கிச் சேலையைத்தான் நான் முதலில் கட்டினேன். அதன் நெருக்கமான நெசவு உச்ச ஒலிகளை மழுக்கிவிட்டது. துணியை வாயோடு ஒட்டி வைத்து ஊதும்போது காற்றுத் தடையின்றிப் போனால் அது திரைக்கு ஏற்றது. மெல்லிய மல் துணி போதும்.

இனி அறை. இந்த வீடுகளின் முகப்பும் பட்டாலை என்ற கூடமும் பார்க்க எவ்வளவு அழகோ, நுட்பமாகக் கேட்பதற்கு அவ்வளவு பொருந்தாதவை. முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவரும், கண்ணாடி போன்ற தரைக்கல்லும் ஒலியை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பி அனுப்புகின்றன. 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் உயரம் கொண்ட இந்த அறை வெறுமையாக இருந்தால், கைதட்டிய ஒலி 60 டெசிபெல் தணிய 4 விநாடி அளவுக்கு ஆகும் என்று கணக்கு சொல்கிறது. அந்த முழக்கத்துக்குள் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் நுண்ணிய வேறுபாடு மூழ்கிவிடும். இந்தக் கணக்கை வகுத்த அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன், இருக்கை மெத்தைகளை அறைக்குள் கொண்டுவந்து அடுக்கியே தன் அளவீடுகளைச் செய்தார். ஒலியை விழுங்கும் திறனுக்கு அவர் வைத்த அலகு திறந்த ஜன்னல். நாங்களும் அதையே செய்தோம். ஜன்னல்களையும் முற்றத்துப் பக்கக் கதவையும் திறந்துவிட்டு, ஜமுக்காளம் விரித்து, மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தினோம். பகல் இரைச்சலும் மின்விசிறி ஒலியும் கலக்காமலிருக்க, சோதனையை இரவு பத்து மணிக்கு மேல் வைத்துக்கொண்டோம்.

[காட்சி: இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு மாற்று ஸ்விட்ச்.]

ஓர் எச்சரிக்கை. இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் வெளியீடுகள் ஒரு கணம்கூட ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளக் கூடாது, தொட்டால் கருவி எரிந்துபோகக்கூடும். ஒன்றை முழுவதும் விட்ட பிறகே மற்றதைப் பிடிக்கும் ஸ்விட்ச் தேவை. சில ஆம்ப்ளிஃபயர்களில் கறுப்பு முனையும் எர்த் ஆகாது என்பதால், சிவப்பு, கறுப்பு ஆகிய இரண்டு கம்பிகளையுமே ஸ்விட்ச் மாற்ற வேண்டும்.

அடுத்தது ஆள். இரண்டாம் சுற்றில் ஸ்விட்ச்சை நான் மாற்ற, சித்தப்பா தொடர்ந்து சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆறாவது தடவையில்தான் அவரே சொன்னார்: "தம்பி, புதுசுக்கு மாத்தும்போது மட்டும் டக்குன்னு சத்தம் கனமா வருதுப்பா." ஸ்விட்ச்சின் ஒரு பக்கம் அழுத்தமாக விழுந்திருக்கிறது! இதைக் கேட்டதும் பெர்லினில் கணக்குப் போட்டதாகப் புகழ்பெற்ற குதிரை நினைவுக்கு வந்தது. கேள்வி கேட்பவரின் தலையசைவைப் பார்த்தே அது விடை சொல்கிறது என்று 1907-இல் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் கண்டறிந்து எழுதினார். விடை தெரிந்த மனிதர் அறைக்குள் இருந்தால், அவர் அறியாமலேயே விடை கசிகிறது. எனவே ஸ்விட்ச்சை அடுத்த அறைக்கு மாற்றினோம். மாற்றுபவர் முகம் கேட்பவருக்குத் தெரியாது. கருவியை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், ஒவ்வொரு முறையும் அவர் ஸ்விட்ச்சை அங்குமிங்கும் திருப்பிவிட்டுத்தான் நிறுத்துவார்.

பார்வை மட்டும் எவ்வளவு செய்யும் என்பதை ஒலியியல் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 40 பேர், நான்கு ஸ்பீக்கர்கள். பார்த்துக் கேட்டபோது பெரிய, அழகிய பெட்டிகள் பெற்ற மதிப்பெண்கள் திரைக்குப் பின்னால் நிலைக்கவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் ஒலிக்கருவி நிறுவனம் ஒன்றில் வேலை செய்தவர்கள்.

சோதனையின் வடிவம் 1950-இல் மன்சனும் கார்ட்னரும் எழுதிய முறையிலிருந்து வந்தது. இன்று ஏபிஎக்ஸ் என்று வழங்குகிறது. ஏ எது, பி எது என்று கேட்பவர் அறிவார், விரும்பியபோதெல்லாம் இரண்டையும் கேட்கலாம். எக்ஸ் அவற்றில் ஒன்று. எது என்று அவர் சொல்ல வேண்டும். பூவா தலையா போட்டு 16 துண்டுச் சீட்டுகளில் முன்கூட்டியே எழுதி, ஓலைக் கொட்டானில் அடுக்கி, மாற்றுபவர் மேலிருந்து வரிசையாக எடுப்பார். பத்து விநாடி அளவுள்ள துண்டிசையாக இருப்பது நல்லது, ஏனெனில் ஒலியின் நுண்மையைச் செவி நெடுநேரம் நினைவில் வைப்பதில்லை. எட்டு முடிந்ததும் காப்பி குடித்து ஓய்வெடுங்கள்.

16-இல் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால், வெறும் ஊகத்தால் அது நிகழ வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. பத்துக்கு எட்டு என்பது அந்த அளவுக்குக்கூடத் தேறாது. எத்தனை தடவை என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். எண் நன்றாக வந்தவுடன் நிறுத்துவது நேர்மையாகாது. எண் குறைந்தால் அன்று, அந்த அறையில், அந்தப் பதிவில், அந்த மனிதருக்கு வேறுபாடு தெரியவில்லை என்று மட்டுமே எழுதுங்கள்.

சித்தப்பாவுக்கு 16-இல் 9 கிடைத்தது, எனக்கு 7.

[காட்சி: மேசையில் மூன்றாவதாக ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர், குழல்கள் ஒளிர்கின்றன.]

அடுத்த மாதம் தேவகோட்டை நண்பர் ஒருவரின் வால்வு ஆம்ப்ளிஃபயரை அதே மீட்டர், அதே கொட்டான், அதே 16 சீட்டுகளுடன் வைத்தோம். இம்முறை சித்தப்பா 15 சரியாகச் சொன்னார். காரணத்தைத் தேடி, வெவ்வேறு சுருதிகளில் ஸ்பீக்கர் முனையை அளந்தேன். அந்த ஆம்ப்ளிஃபயரின் உள்தடை அதிகம். ஆகவே ஸ்பீக்கரின் தடை எங்கெல்லாம் உயர்கிறதோ அங்கெல்லாம் வோல்ட்டும் உயர்ந்திருந்தது, குறிப்பாகத் தாழ்ந்த ஒலிகளில். வீணையின் மந்தரத் தந்தியில் ஏதோ கூடுதலாக இருக்கிறது என்று தன் தாளின் ஓரத்தில் சித்தப்பா மூன்று இடங்களில் குறித்து வைத்திருந்தார்.