ஆல்பெர்ட்டோ அஸ்காரி என்னும் நிதானம்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோருக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பவர் இத்தாலிய நாட்டுக் கார்ப் பந்தய ஓட்டுநர் ஆல்பெர்ட்டோ அஸ்காரி. இன்று ஃபார்முலா ஒன் என அறியப்படும் உலகப் பட்டத்தை 1952, 1953 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றவர். அவருக்கு முன்னர் 1950ஆம் ஆண்டில் ஜுசெப்பே ஃபரீனா வென்றார். அஸ்காரிக்குப் பின்னர் 2025ஆம் ஆண்டுப் பருவம் முடியும்வரை இன்னொரு இத்தாலியர் அந்தப் பட்டத்தைத் தொடவில்லை. கார்ப் பந்தயத்தைத் தங்கள் வீட்டு விளையாட்டாகவே கருதும் ஒரு நாட்டில் இது சிறிய செய்தி அல்ல.

ஆனால் அஸ்காரியைப் பற்றி எவர் வாய் திறந்தாலும் முதலில் வருவது அவருடைய சாவைப் பற்றிய கதைதான். தந்தையும் மகனும் 36 வயதில் இறந்தார்கள். இருவரும் மாதத்தின் 26ஆம் நாளில் இறந்தார்கள். கறுப்புப் பூனையைக் கண்டால் அவர் வழிமாறிப் போவார். தம் நீலத் தலைக்கவசத்தைப் பிறர் தொட விடமாட்டார். கடைசி நாளில் அந்தத் தலைக்கவசம் அவர் தலையில் இல்லை. இவை பொய்யல்ல. ஆயினும் இவற்றையே திரும்பத் திரும்பச் சொல்லி, தம் காலத்தின் தலைசிறந்த கைத்திறனாளர் ஒருவரை விதியின் கைப்பொம்மையாக ஆக்கிவிட்டோம் என்பதே என் மனக்குறை. அந்தக் கைத்திறனைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

தந்தையிடமிருந்தே தொடங்க வேண்டும். அந்தோனியோ அஸ்காரி மிலான் நகரில் ஆல்ஃபா ரோமியோ கார்களை விற்றவர். அந்நிறுவனத்தின் முதன்மை ஓட்டுநர்களுள் ஒருவர். என்சோ ஃபெராரியின் நண்பர். விட்டோரியோ யானோ என்னும் பொறியாளர் வடிவமைத்த பி2 காரில் 1924ஆம் ஆண்டு மொன்ஸாவில் இத்தாலிய கிராண்ட் பிரீயையும், 1925ஆம் ஆண்டு ஸ்பாவில் பெல்ஜியப் பந்தயத்தையும் வென்றார். அதே 1925 ஜூலை 26 அன்று பாரிஸுக்கு அருகிலுள்ள மொன்லேரி தடத்தில், பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் மரக்கட்டைகளைக் கம்பியால் பிணைத்து நட்டிருந்த வேலியில் கார் சிக்கிப் புரண்டது. அவர் பிழைக்கவில்லை. முன்னணியில் இருந்தும் ஆல்ஃபா ரோமியோ தன் மற்றக் கார்களையும் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டது. ஆல்பெர்ட்டோவுக்கு ஏழு வயது நிறைந்து பதின்மூன்று நாள்களே ஆகியிருந்தன.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை பந்தயத்தை வெறுத்திருக்கலாம். அவரோ இளம் வயதிலேயே பியாங்கி மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார். 1940ஆம் ஆண்டு மில்லே மிலியா என்னும் நெடுந்தொலைவுச் சாலைப் பந்தயத்தில் அவருக்குக் கார் கொடுத்தவர் தந்தையின் நண்பர் ஃபெராரி. ஆல்ஃபா ரோமியோவுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் காரணமாகத் தம் பெயரில் கார் ஓட்ட முடியாத நிலையில் இருந்த ஃபெராரி, 815 என்ற எண்ணை மட்டும் பெயராகத் தாங்கிய இரண்டு கார்களைச் செய்திருந்தார். அவற்றுள் ஒன்றை ஓட்டியவர் அஸ்காரி. கார் பழுதாகிப் பாதியில் நின்றது. ஆக, ஃபெராரி என்னும் பெயர் காரின் மூக்கில் ஏறுவதற்கு முன்பே அஸ்காரி அவருடைய காரை ஓட்டியிருக்கிறார்.

பிறகு போர் வந்தது. தம்மைவிட ஒன்பது வயது மூத்த லூயிஜி வில்லொரேசியுடன் கூட்டுச் சேர்ந்து, வட ஆப்பிரிக்காவிலிருந்த இத்தாலியப் படைக்கு எரிபொருள் கொண்டுசேர்க்கும் தொழிலை நடத்தினார். வில்லொரேசி அவருக்குத் தொழிற்கூட்டாளி மட்டும் அல்லர். தமையனாகவும் ஆசானாகவும் இருந்தார். போருக்குப் பின் பந்தயத்துக்குத் திரும்பலாமா என்று தயங்கிய அஸ்காரியை மீண்டும் தடத்துக்கு இழுத்துவந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1947ஆம் ஆண்டு கெய்ரோவில் சிசிடாலியா காரில் இரண்டாமிடம் பெற்றார் அஸ்காரி. 1949ஆம் ஆண்டில் நண்பர்கள் இருவரும் ஃபெராரி அணியில் சேர்ந்தார்கள்.

1951இலேயே பட்டம் அவர் கைக்கு எட்டியிருக்க வேண்டியது. நூர்பர்க்ரிங்கிலும் மொன்ஸாவிலும் ஆல்ஃபா ரோமியோ அணியைத் தோற்கடித்துவிட்டு, பார்சிலோனாவின் பெட்ரால்பெஸ் தடத்தில் நடந்த இறுதிப் பந்தயத்துக்கு வந்தார். அங்கே ஃபெராரி அணி வழக்கத்தைவிடச் சிறிய பின்சக்கரங்களைத் தேர்ந்தெடுத்தது. டயர்களின் மேற்தோல் பிய்ந்து பறந்தது. மாற்ற மாற்ற மீண்டும் பிய்ந்தது. பட்டம் அர்ஜென்டினாவின் ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோவுக்குப் போயிற்று. எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் ஒரு பந்தயம் ஓட்டுநரின் கையில் மட்டும் இல்லை என்பதை அந்த ஒரு பிற்பகல் அவருக்குக் காட்டியது.

இனி 1952க்கு வருவோம். ஆல்ஃபா ரோமியோ விலகிக்கொண்டதால், போட்டியே இல்லாமல் போய்விடுமே என்று அஞ்சிய அமைப்பாளர்கள் இரண்டு லிட்டர் எஞ்சின் கொண்ட சிறிய கார்களுக்கு உலகப் பட்டத்தை மாற்றினார்கள். அதற்கென ஆரேலியோ லாம்ப்ரெடி வடிவமைத்த நான்கு சிலிண்டர் ஃபெராரி 500 ஓர் எளிய கார். எளிமையே அதன் வலிமை. சுவிட்சர்லாந்தில் நடந்த முதல் பந்தயத்துக்கு அஸ்காரி வரவில்லை. அப்போது அவர் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பெரிய ஃபெராரியை ஓட்டப் போயிருந்தார். நாற்பது சுற்றுகளில் சக்கரம் முறிந்து அந்த முயற்சி முடிந்தது. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர் பெல்ஜியம், பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து, இத்தாலி என மிச்சமிருந்த ஆறு பந்தயங்களையும் வென்றார். சிறந்த நான்கு முடிவுகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அன்றைய விதிப்படி ஓர் ஓட்டுநர் பெறக்கூடிய உச்ச அளவு 36 புள்ளிகள். அவர் பெற்றதும் 36 புள்ளிகளே. அடுத்த ஆண்டில் அர்ஜென்டினா, நெதர்லாந்து, பெல்ஜியம் எனத் தொடர்ந்தன வெற்றிகள். இடையில் அவர் பங்கேற்காத இண்டியானாபொலிஸை நீக்கிப் பார்த்தால் அவை ஒன்பது தொடர் வெற்றிகள். அந்த எண்ணிக்கையைச் சமன் செய்ய 2013இல் செபாஸ்டியன் வெட்டல் வரவேண்டியிருந்தது. தாண்டிச் செல்ல 2023இல் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் வரவேண்டியிருந்தது.

அந்த வெற்றிகள் எப்படி வந்தன என்பதுதான் எனக்கு முக்கியம். அஸ்காரி சற்றுப் பருத்த உடல்வாகினர். 'சிச்சோ', அதாவது குண்டன் என்று நண்பர்கள் செல்லமாக அழைப்பார்கள். அவர் ஓட்டும் காரில் ஆர்ப்பாட்டம் இருக்காது. கொடி அசைந்ததும் முன்னே போய்விடுவார். முதற் சில சுற்றுகளிலேயே பின்னால் வருபவர்கள் எட்ட முடியாத இடைவெளியை உண்டாக்குவார். பிறகு அந்த இடைவெளியைக் காக்கத் தேவையான வேகத்துக்கு மேல் காரை வருத்தமாட்டார். அவர் முன்னணியில் இருக்கும்போது அவரை முந்துவது ஏறத்தாழ முடியாத காரியம் என்றும், பின்னாலிருந்து விரட்டிப் பிடிக்க வேண்டிய நிலையில் அந்த உறுதி குறைந்துவிடும் என்றும் என்சோ ஃபெராரி கருதினார். முதற்பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். இரண்டாம் பாதியை ஏற்க 1952 ஜெர்மன் பந்தயம் தடையாக நிற்கிறது. 22 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள நூர்பர்க்ரிங் தடத்தில், முடியும் தறுவாயில் எண்ணெய் நிரப்ப நின்றதால் முதலிடத்தை ஃபரீனாவிடம் இழந்த அஸ்காரி, விரட்டிச் சென்று அவரை முந்தி வென்றார். விரட்டவும் அவருக்குத் தெரியும். விரட்ட வேண்டிய நிலைக்கு வராமல் பார்த்துக்கொள்வதையே தம் தொழிலாக வைத்திருந்தார்.

எதிராளிகள் இல்லாததால்தான் வென்றார் என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1952 ஜூனில் மொன்ஸாவில் கழுத்தெலும்பு முறிந்த ஃபாஞ்சியோ அந்தப் பருவம் முழுவதும் படுக்கையில் கிடந்தார். ஆனால் அதே ஃபெராரி 500 காரை ஃபரீனா ஓட்டினார், பியேரோ தருஃபி ஓட்டினார், வில்லொரேசி ஓட்டினார். அவர்களில் எவரும் அஸ்காரியின் அருகில் வரவில்லை. 1953இல் ஃபாஞ்சியோ மாஸெராட்டியில் திரும்பி வந்தார். அவர் இருக்கும்போதே சுவிட்சர்லாந்துப் பந்தயத்தில் அஸ்காரி இரண்டாம் பட்டத்தை உறுதி செய்தார். அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயத்தில், மொன்ஸாவின் கடைசிச் சுற்றின் கடைசி வளைவில், முதலிடத்தில் இருந்த அஸ்காரியின் கார் சுழன்றது. வெற்றி ஃபாஞ்சியோவுக்குப் போனது. நிதானமே உருவான மனிதரிடமிருந்தும் அப்படியொரு பிழை வரும் அளவுக்கு அன்று நால்வர் சக்கரத்தோடு சக்கரம் உரச ஓடிக்கொண்டிருந்தார்கள்.

1954இல் அவர் ஃபெராரியை விட்டு லான்சியாவுக்குப் போனார். அங்கே அவருக்காக டி50 என்னும் புதிய காரை வரைந்துகொண்டிருந்தவர் யார் தெரியுமா? விட்டோரியோ யானோ. தந்தையின் கடைசிக் காரைச் செய்த அதே யானோ! சகுனக் கதை தேடுவோர் இதை ஏனோ கவனிப்பதில்லை. எஞ்சினையே உடற்சட்டத்தின் ஒரு பகுதியாக ஆக்கி, எரிபொருள் தொட்டிகளைப் பின்னால் வைக்காமல் இரு பக்கங்களிலும் சக்கரங்களுக்கு இடையே வைத்த துணிவான வடிவமைப்பு அது. துணிவுக்கு விலை காலதாமதம். அக்டோபரில் ஸ்பெயின் பந்தயம் வரை கார் தயாராகவில்லை. வந்த முதல் நாளே தொடக்க வரிசையில் முதலிடத்தைப் பிடித்தார். பந்தயத்திலும் முன்னே ஓடினார். கிளட்ச் பழுதாகி நின்றார். காத்திருந்த அந்த ஆண்டில்தான், லான்சியாவின் டி24 காரில் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளமுள்ள மில்லே மிலியாவை வென்றார்.

1955 மே 22, மொனாக்கோ. முன்னே சென்ற மெர்சிடிஸ் கார்கள் இரண்டும் அடுத்தடுத்துப் பழுதாக, வெற்றி அஸ்காரியின் மடியில் விழவிருந்த நேரம். துறைமுகத்தை ஒட்டிய வளைவில் லான்சியா தடுப்பை உடைத்துக்கொண்டு கடலில் பாய்ந்தது. நீருக்குள் மூழ்கியவர் நீந்தி வெளியே வந்தார், மூக்கெலும்பு முறிந்திருந்தது.

நான்கு நாள் கழித்து மொன்ஸாவுக்குப் போனார். நண்பர் எவ்ஜெனியோ கஸ்தெலோத்தி அங்கே ஃபெராரியின் பந்தயக் கார் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஓட்டும் எண்ணத்தோடு வந்தவராக அஸ்காரி தோன்றவில்லை, கழுத்தில் டை கட்டியிருந்தார். கஸ்தெலோத்தியின் தலைக்கவசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு சில சுற்றுகள் போய்வருவதாகச் சொன்னார். மூன்றாம் சுற்றில் வியலோனே வளைவில் கார் சறுக்கிப் புரண்டது. ஏன் என்பதற்கு இன்றுவரை உறுதியான விடையில்லை. கருவிகள் ஒவ்வொன்றையும் தம் கையாலேயே எடுத்துவைக்கும் ஒருவரைச் சிலர் மூடநம்பிக்கையாளர் என்கிறார்கள். டயர் பிய்ந்தும் சக்கரம் முறிந்தும் கண்ட, இருக்கைப் பட்டிகூட இல்லாத அந்தத் தொழிலில், தம் கட்டுக்குள் இருந்த சிலவற்றையேனும் ஒழுங்காக வைத்துக்கொள்ள விரும்பிய ஒருவரையே நான் அங்கே காண்கிறேன். தம் பிள்ளைகளிடம் அவர் கண்டிப்பாக இருந்ததும் இதனால்தான் என எண்ணுகிறேன். தாம் ஒருநாள் திரும்பி வராமல் போனால் அவர்கள் தாங்கிக்கொள்ள வேண்டுமே என்பதே அவருடைய கவலையாக இருந்ததென ஃபெராரி பின்னாளில் சொன்னார். தந்தையை ஏழு வயதில் இழந்த ஒருவருக்கு அந்தக் கணக்கை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மிலான் நகரின் பெரிய இடுகாட்டில் தந்தைக்கு அருகில் அவரை அடக்கம் செய்தார்கள். ஏற்கெனவே பணநெருக்கடியில் இருந்த லான்சியா பந்தயத்தைக் கைவிட முடிவு செய்தது. ஒரேயொரு காரை மட்டும் ஒரேயொரு முறை ஓட்டிக்கொள்ள அனுமதி பெற்று, ஜூன் மாதத் தொடக்கத்தில் கஸ்தெலோத்தி பெல்ஜியத்துக்குச் சென்றார். அந்தோனியோ 1925இலும் ஆல்பெர்ட்டோ 1952இலும் 1953இலும் வென்ற அதே ஸ்பா தடம். மெர்சிடிஸ் அணி முழு வலிமையோடு வந்திருந்தது. துணைக்கு இன்னொரு கார் இல்லாமல், யானோ வரைந்த டி50இல் தனியாக வந்த இருபத்துநான்கு வயது கஸ்தெலோத்தி, தகுதிச் சுற்றில் ஃபாஞ்சியோவையும் பின்னே தள்ளி முதலிடத்தைப் பிடித்தார்.