ரூஃப்டொப் டென்ட்: வாங்க முன்னும் விரிக்க முன்னும்

[காட்சி: கல்லடிக் கடற்கரை வீதி. ஓரமாக நிற்கும் டபுள் கெப். மேலே மூடிய டென்ட்.]

வாகனத்தின் கூரைமேல் பூட்டி, அதிலேயே ஏறிப் படுக்கும் இந்த டென்டை விரிக்கப் பத்து நிமிடம் போதும். எந்த வாகனத்தில் இதை ஏற்றலாம் என்று பார்க்க அரை நாள் போனாலும் பரவாயில்லை. டென்ட் பிடித்துப்போய் வாங்கி வந்துவிட்டு, கூரை தாங்குமா என்று அதன் பிறகு தேடுகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் முதலில் கூரையைப் பார்ப்போம்.

[காட்சி: வாகனக் கைநூலின் ஒரு பக்கம்.]

வாகனத்தோடு வந்த கைநூலில் கூரைச் சுமை என்று ஒரு எண் இருக்கும். எங்கள் பக்கம் ஓடுகிற வாகனங்களில் பல ஜப்பானில் ஓடி வந்தவை, கைநூலும் ஜப்பான் மொழியில்தான் இருக்கும். ஃபோன் கெமராவைக் காட்டி மொழிபெயர்த்தால் போதும், எண் கிடைத்துவிடும். சிறிய கார்கள் பலவற்றுக்கு அது 30 முதல் 50 கிலோ. நடுத்தர ஜீப் வகைகளில் 75 கிலோ சாதாரணம். பெரிய ஜீப்களில் 100 கிலோ, சிலவற்றில் அதற்கும் மேல்.

வாகனம் ஓடும்போது கூரை தாங்கும் எடைதான் இந்த எண். இப்போது கூட்டிப் பாருங்கள். டென்டைத் தாங்கக் கூரைக்கு மேலே பூட்டும் இரண்டு குறுக்குச் சட்டமும் அதன் கால்களும் 8 கிலோ. 140 சென்ரிமீற்றர் அகலமான துணி டென்ட் 58 கிலோ. உள்ளே மடித்து வைத்த போர்வை, தலகாணி 5 கிலோ. மொத்தம் 71. உங்கள் கூரை 75 என்றால் போகலாம். அதே கூரையில் 190 சென்ரிமீற்றர் டென்ட் ஒன்றை, கிட்டத்தட்ட 75 கிலோ உள்ளதை, வைத்தால் சட்டத்தோடு சேர்த்துக் கணக்கு உடைந்துவிடும். ஓல்டோ, வேகன் ஆர் வைத்திருப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, தரையில் விரிக்கிற நல்ல டென்ட் ஒன்று வாங்குவது புத்தி.

உடனே ஒரு கேள்வி வரும்: 75 கிலோ தாங்கும் கூரையில் தாய், தகப்பன், பிள்ளைகள் எப்படிப் படுப்பது? நின்றிருக்கும் வாகனத்தின் கணக்கு வேறு. ஓடும்போது பள்ளத்தில் விழுகிற அடி, பிரேக் அழுத்தும்போது முன்னுக்குத் தள்ளுகிற விசை, வளைவில் பக்கவாட்டு இழுப்பு எல்லாம் சேர்ந்து எடையைப் பெருக்கிவிடும். நிற்கும்போது அவை இல்லை. பக்கவாட்டில் விரியும் டென்டில் பாதித் தளத்தின் பாரம் ஏணி வழியாக நிலத்துக்குப் போய்விடும். அதனால் நின்றிருக்கும்போது கூரை பல மடங்கு கூடத் தாங்கும். ஆனால் எத்தனை மடங்கு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். குறுக்குச் சட்டம் செய்த நிறுவனம் அதற்குத் தனி எண் கொடுத்திருக்கும். கூரை, சட்டம், சட்டத்தின் கால் என்ற மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

கராஜில் வெல்டிங் செய்த கேரியர் இருக்கிறதே என்பார்கள். தென்னை மட்டையும் சைக்கிளும் ஏற்றுவதற்கு அது நல்லது. மெல்லிய குழாயை ஒட்டி, கூரை ஓரத்தில் நாலு கிளிப்பில் தொங்கும் கேரியரில் குடும்பத்தைப் படுக்கவைக்க வேண்டாம்.

[காட்சி: டபுள் கெப்பின் பின்பெட்டி. இரும்புச் சட்டத்தின் மேல் டென்ட்.]

டபுள் கெப் உள்ளவர்களுக்கு எங்கள் யோசனை: டென்டைக் கூரையில் வைக்காதீர்கள். பின்பெட்டியில் உறுதியான சட்டம் அடித்து அதன்மேல் வையுங்கள். மூடிய டென்ட் முன் கெபினின் உயரத்துக்குள் அடங்கிவிடும். காற்று பிடிக்காது, வாகனம் எண்ணெய் கூடக் குடிக்காது, ஏறும் உயரமும் குறையும். பாரம் தாழ்வாக இருப்பதால் வளைவில் ஆட்டம் குறைவு. கேடிஎச் மாதிரி உயரக் கூரை வானில் இதற்கு நேர்மாறு. கூடாரத்துடன் வரும் ஏணிகள் பெரும்பாலும் 2.3 மீற்றர் நீளம்தான். உயர வானில் அது செங்குத்தாக நிற்கும், அல்லது நிலத்தைத் தொடாது. நீட்டு ஏணி தனியாக வாங்க வேண்டி வரும்.

இனி ஆள்கணக்கு. பெட்டியில் “நாலு பேருக்கு” என்று எழுதியிருந்தால் அதை நம்பாமல் அகலத்தைக் கேளுங்கள். வளர்ந்தவருக்கு 60 சென்ரிமீற்றர், சிறு பிள்ளைக்கு 40. இரண்டு பெரியவரும் ஒரு பிள்ளையும் என்றால் 160. இரண்டு பிள்ளை என்றால் 200. சந்தையில் கிடைக்கும் பெரியவை பெரும்பாலும் 180, 190 தான். அதனால் நாலு பேர் குடும்பத்தில் மூத்த பிள்ளைக்கு வாகனத்தின் பின் சீட்டை மடித்து இடம் போட வேண்டி வரும். அதுகளுக்கும் அது பிடிக்கும். இரவில் எழுந்து நடமாடும் வயதுக் குழந்தையை மேலே படுக்கவைக்காதீர்கள். மற்றப் பிள்ளைகளை வாசலுக்கு எதிர்ப்பக்கம் படுக்கவிட்டு, வாசல் ஓரத்தில் பெரியவர் ஒருவர் படுங்கள்.

கடினக் கூடு உள்ளதா, துணி மூடியதா? கூடுள்ளது ஒரு நிமிடத்தில் எழும்பும், மழையில் மூடுவது சுகம். ஆனால் பெரும்பாலும் இடம் சிறியது, இரண்டு பேருக்குத்தான் வசதி. குடும்பத்துக்குத் துணிதான்.

துணியில் கொஞ்சம் நிற்போம். இந்தப் பொருளைப் பற்றிக் காணொளிகளில் பேசுகிறவர்கள் பலர் குளிர் நாட்டுக்காரர். குளிர் உள்ளே வராமல் அடைப்பதுதான் அவர்களுடைய கவலை. மட்டக்களப்பில் வைகாசி, ஆனி இரவில் எங்கள் கவலை புழுக்கம். ஆகவே நாலு பக்கமும் வலை ஜன்னல் இருக்கிறதா, மழை பெய்யும்போதும் அந்த ஜன்னலைத் திறந்து வைக்கும்படி மேல்விரிப்பு வெளியே நீட்டி நிற்கிறதா என்று பாருங்கள். சுவர்த் துணி பருத்தி கலந்ததாக, சதுர மீற்றருக்கு 280 கிராம் அளவில் இருந்தால் மூச்சு விடும். முழு நைலோன், பொலியெஸ்ரர் சுவர் இலகுவானது, சீக்கிரம் காயும், ஆனால் விடியும்போது உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். மேல்விரிப்புக்கு மட்டும் பொலியெஸ்ரர் நல்லது. அதில் நீர்த்தடுப்பு அளவு, அதாவது துணி ஒழுகாமல் தாங்கும் தண்ணீர் உயரம், 2000 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். வலையின் கண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுளம்பு நுழையாத வலையிலும் கடற்கரைப் பொட்டுப் பூச்சி நுழையும். கருநிறக் கூடு, கருநிறத் துணி வேண்டாம்.

பழைய டென்ட் வாங்குவதென்றால் விற்பவரின் முற்றத்திலேயே முழுதாக விரிக்கச் சொல்லுங்கள். மெத்தையைத் தூக்கி மூலையில் மூக்கை வையுங்கள். பூஞ்சண மணம் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், அது துணியை விட்டுப் போகாது. பிறகு நடுவிலுள்ள கீல் மடிப்பில் வெடிப்பு இருக்கிறதா, தையல் மேல் ஒட்டிய நாடா உரிகிறதா என்று பாருங்கள்.

[காட்சி: கிட்டப் பார்வை. டென்டின் அடிப்பக்க அலுமினியத் தடம், அதற்குள் நழுவும் போல்ட்.]

பூட்டுவது. குறுக்குச் சட்டங்களுக்கு இடையில் 80 சென்ரிமீற்றருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். மூன்று நாலு பேர் சேர்ந்து, கூரை விளிம்பில் பழைய போர்வை ஒன்றை விரித்து, பின்பக்கத்தாலே தூக்கிச் சறுக்குங்கள். பக்கவாட்டில் விரியும் டென்ட் என்றால் இடது பக்கம் திறக்கும்படி வையுங்கள். வீதியோரத்தில் நிறுத்தும்போது ஏணி வாகன ஓட்டத்துக்குள் போகாது.

டென்டின் அடியில் இரண்டு அலுமினியத் தடம் ஓடும். அதற்குள் 8 மில்லிமீற்றர் போல்டின் தலை நுழைந்து நிற்கும். கீழிருந்து தட்டு, வொஷர், நட். 13 நம்பர் ஸ்பனரைக் கையால் பிடித்து, நட் தட்டைத் தொட்டபின் கால் சுற்று, கூடினால் அரைச் சுற்று. காற்றுத் துப்பாக்கியால் இறுக்கினால் தடத்தின் உதடு விரிந்துவிடும். விரிந்த உதடு திரும்பாது, போல்ட் ஒரு நாள் கழன்று வரும். பூட்ட முன்னர் மரையில் கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள். இங்கே உப்புக்காற்று. ஸ்டெயின்லெஸ் போல்டும் அலுமினியமும் ஒட்டி நிற்கும் இடத்தில் வெள்ளைத் தூள் கட்டி, இரண்டு வருடத்தில் கழற்ற முடியாமல் இறுகிவிடும்.

புதிதாகப் பூட்டிய போல்ட் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும். முதல் 50 கிலோமீற்றருக்குள் நிறுத்தித் திரும்ப இறுக்க வேண்டும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் பக்கம் போகிறவர்கள் கல்முனையில் தேத்தண்ணிக்கு இறங்கும்போது ஸ்பனரையும் கையில் எடுங்கள்.

வாகனம் இப்போது ஓரடிக்கு மேல் உயர்ந்திருக்கிறது. நிலத்திலிருந்து டென்டின் உச்சி வரை அளந்து, எண்ணை ஒரு துண்டில் எழுதி ஓட்டுநருக்கு முன்னால் ஒட்டுங்கள். கோவில் திருவிழா வளைவு, கந்தூரிப் பந்தல், வளவு வாசலின் மாங்கொப்பு, மூன்றும் எங்கள் ஊரில் அடிக்கடி வரும். வேகத்தை 60, 70க்குள் வைத்திருங்கள். பாலங்களிலும் வெட்டவெளி வயல் வீதியிலும் பக்கக் காற்று வாகனத்தைத் தள்ளுவது ஸ்டியரிங்கில் தெரியும்.

பூட்டி முடிந்ததும் காட்டுக்கு ஓடாதீர்கள். வீட்டு முற்றத்தில் விரித்து, தண்ணீர்க் குழாயால் பத்து நிமிடம் நனைத்து, முழுதாகக் காயவிடுங்கள். இன்னொரு முறையும் அப்படியே. பருத்தித் துணியில் தையல் நூல் ஊறிப் பருத்து ஊசித் துளையை அடைத்துவிடும். இதைச் செய்யாமல் முதல் மழையிலேயே ஒழுகுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

[காட்சி: மர நிழல். மணல் கலந்த தரை. ஒருவர் சக்கரத்தடியில் பலகை வைக்கிறார்.]

இடத்துக்கு வந்தாயிற்று. தென்னைக்குக் கீழே நிறுத்த வேண்டாம், ஏன் என்று சொல்லத் தேவையில்லை. கடல் மணலில் இறங்க வேண்டாம். சக்கரம் புதையும், ஆமை முட்டையிடும் இடமும் அதுதான். பாதித் தண்ணீர் உள்ள போத்தலை டென்டின் தளத்தில் படுக்கவைத்துப் பாருங்கள். உருண்டால் அந்தப் பக்கச் சக்கரத்துக்குப் பலகை வையுங்கள். கொஞ்சச் சரிவு மிஞ்சினால் தலை மேட்டுப்பக்கம். ஹேண்ட் பிரேக், கியர், சக்கரத்துக்குக் கட்டை.

காற்று வேறு கதை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். டென்டின் திறந்த பக்கம் கிழக்கே பார்க்கட்டும், அதற்கு எதிர்ப்பக்கம் கச்சானை வாங்கட்டும். மாறி நின்றால் மேல்விரிப்பு இரவெல்லாம் படபடவென்று அடித்து ஒருவரையும் தூங்கவிடாது, கம்பியும் வளையும். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் வாடை மழைக் காலம். அந்தக் காலத்தில் ஆற்றோரம், குளத்தோரம் படுக்கும் எண்ணத்தை விடுங்கள்.

விரிக்கும் வரிசை: உறையைக் கழற்று, வாரை அவிழ், ஏணியை நீட்டு, ஏணியையே நெம்புகோலாகப் பிடித்து இழு. பாதித் தளம் வெளியே வந்து தொங்கும். அதைத் தாங்குவது ஏணி ஒன்றுதான், ஆகவே இரண்டு பக்கப் பூட்டும் ஒரே படியில் விழுந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஏணி நிலத்தோடு 70, 75 பாகையில் சாய்ந்து, தளம் மட்டமாக இருக்க வேண்டும். மணலில் ஏணிக் கால் இரவில் ஓரங்குலம் இரண்டங்குலம் இறங்கும், காலையில் தளம் வளைந்திருக்கும். ஓரடிப் பலகை ஒன்று அடியில் போட்டால் சரி.

மெத்தைக்கு மேலே பன்பாய் ஒன்று போடுங்கள், அதன் மேல் மருதமுனைக் கைத்தறி விரிப்பு. ஸ்பொஞ்ச் மெத்தையின் சூடு முதுகில் ஏறாது. 5 வொட் யுஎஸ்பி விசிறியை 20,000 மில்லி அம்பியர் பவர் பேங்க் ஒன்று விடியும்வரை ஓட்டும். நுளம்புத் திரி உள்ளே கொளுத்தக் கூடாது. காஸ் அடுப்பும் கூடாது. நெருப்பு ஒரு பக்கம், மூடிய இடத்தில் சேரும் காபன் மொனொக்சைட் நச்சு வாயு மறுபக்கம். அது மணக்காது, எச்சரிக்காது.

யானையைப் பற்றிச் சொல்லாமல் லாகுகலை, பாணமை, உன்னிச்சைப் பக்கம் யாரையும் அனுப்ப முடியாது. கூரை உயரம் பாம்புக்கும் தேளுக்கும் காவல். யானைக்கு அது தும்பிக்கை எட்டும் உயரம். குளக்கட்டிலும் யானைப் பாதையிலும் இரவு தங்காதீர்கள். குமண, கல்லோயாத் தேசியப் பூங்காக்களில் வனசீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய இடத்தில், முன்கூட்டியே அனுமதி எடுத்துத்தான் தங்கலாம். வாழைப்பழம், உப்பு, அரிசி எதுவும் டென்டுக்குள் வேண்டாம், மூடிய பெட்டியில் வாகனத்துக்குள் வையுங்கள். இருட்டியபின் குளக்கரையில் கோப்பை கழுவப் போகவும் வேண்டாம், முதலை உள்ள குளங்கள் இவை.

[காட்சி: காலை. மடிக்கத் தயாராகும் டென்ட். மெத்தைக்கு அடியில் நுழையும் கை.]

டென்டைக் கொல்வது மழை இல்லை, ஈரத்தோடு மடிப்பதுதான். வெளித்துணி காய்ந்திருக்கும், மெத்தைக்கு அடியில் ஈரம் நிற்கும். நாலு பேரின் மூச்சும் வியர்வையும் குளிர்ந்த தளத்தில் பட்டுத் தண்ணீராகி அங்கே தங்கும். மெத்தைக்குக் கீழே காற்றோடும் வலைப்பாய் ஒன்று போட்டால் பாதி குறையும். மடிக்க முன் கையை அடியில் நுழைத்து நாலு மூலையும் தடவுங்கள். குளிர்ச்சி தெரிந்தால் மெத்தையை நிமிர்த்தி ஒரு மணித்தியாலம் வெயில் காட்டுங்கள். மழையில் மடித்தே ஆக வேண்டுமென்றால் சரி, வீட்டுக்கு வந்து அடுத்த நாளுக்குள் திரும்ப விரிக்க வேண்டும். மூன்றாம் நாள் கரும்புள்ளி விழும். விழுந்தால் ஒரு பங்கு வினாகிரிக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, மென் தூரிகையால் தேயுங்கள். குளோரின் ஊற்றினால் புள்ளியோடு நீர்த்தடுப்புப் பூச்சும் போய்விடும்.

கடற்கரைக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும் கீல், ஏணி, ஸிப் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். காய்ந்தபின் ஸிப்பின் பல்லில் மெழுகுதிரியைத் தேய்த்தால் இழுக்க இலகு.

ஐப்பசி பிறக்க முன்னர் டென்டை இறக்கி, சீமெந்துத் தரையில் நேரே வைக்காமல் இரண்டு கட்டைமேல் வையுங்கள். மேலே படங்கு போட்டு இறுகக் கட்டாதீர்கள், உள்ளே வேர்க்கும். எலி வராத அறை வேண்டும், மெத்தைக்குள் குடும்பம் நடத்த அதற்கு ஒரு கிழமை போதும். மழை விட்டு வெயில் எறிக்கும் நாளில், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, அறைக்குள்ளேயே பாதி திறந்து மெத்தைக்கு அடியில் கையை வையுங்கள்.