அடகுக் கடையும் சிலுவையும்: இயேசு யாருக்காக மரித்தார்?

(காட்சி: காரைக்குடியில் ஒரு அடகுக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் தராசு.)

வணக்கம். சின்ன வயதில் அம்மாவின் சங்கிலி இந்த மாதிரி ஒரு கடையில் ரொம்ப நாள் அடகில் இருந்தது. தாய்மாமா ஒருநாள் வந்து அசலும் வட்டியும் கட்டினார். "மீட்டாச்சு" என்று அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பைபிளில் 'மீட்பர்', 'மீட்கும்பொருள்' என்று வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சங்கிலிதான் நினைவுக்கு வரும்.

சரி, இயேசு யாரை மீட்டார்? எல்லா மனிதரையுமா, தேவன் தெரிந்துகொண்டவர்களை, அதாவது முன்பே தேர்ந்தெடுத்தவர்களை மட்டுமா?

(காட்சி: திறந்திருக்கும் பைபிள்.)

இரண்டு பக்கமும் வசனம் உண்டு. 1 யோவான் 2:2 அவரை "சர்வலோகத்தின் பாவங்களையும்" நிவிர்த்தி செய்கிற பலி என்கிறது. யோவான் 10:11-இலோ நல்ல மேய்ப்பன் "ஆடுகளுக்காக" ஜீவனைக் கொடுக்கிறான்.

ஹாலந்தில் ஆர்மீனியஸ் என்ற புராட்டஸ்டண்ட் இறையியலாளர் 1609-இல் இறந்தார். மறு வருடமே அவருடைய ஆதரவாளர்கள் ஐந்து கூற்றுகளை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவது கூற்று இது: கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், ஆனால் விசுவாசிப்பவருக்கே மன்னிப்பு கிடைக்கிறது. 1618-19-இல் அதே நாட்டில் டார்ட் நகரில் கூடிய புராட்டஸ்டண்ட் சபைச் சங்கம் இதை மறுத்தது. அந்தச் சங்கம் சிலுவையின் மதிப்பைக் குறைத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்த மரணம் உலகம் முழுவதன் பாவத்துக்கும் தாராளமாகப் போதும் என்றே டார்ட் எழுதியது. தகராறு மதிப்பைப் பற்றியதல்ல, தேவனுடைய நோக்கத்தைப் பற்றியது: தெரிந்துகொண்டவர்களை மீட்பதே அந்த நோக்கம் என்றது டார்ட்.

(காட்சி: மறுபடியும் அடகுக் கடை.)

டார்ட் பக்கம் நின்ற இங்கிலாந்து இறையியலாளர் ஜான் ஓவன் 1647-இல் வைத்த வாதத்தைக் காரைக்குடிக்காரருக்கு விளக்கவே வேண்டாம். அசலும் வட்டியும் கட்டி முடித்த நகையைக் கடைக்காரர் ஏலம் விட முடியுமா? எல்லாருடைய கடனையும் இயேசு கட்டிவிட்டார் என்றால் நரகத்தில் ஒருவரிடம் அதை எப்படி மறுபடி வசூலிப்பது? 'அவர் விசுவாசிக்கவில்லையே' என்றால், அவிசுவாசமும் பாவம்தானே, அதற்கும் சேர்த்து அவர் மரிக்கவில்லையா என்று ஓவன் கேட்கிறார்.

இந்தக் கேள்வி என்னைப் பல இரவு தூங்கவிடவில்லை. எனக்குக் கிடைத்த பதிலைச் சொல்கிறேன். தெரிந்துகொள்ளப்பட்டவர்களும் விசுவாசிக்கும் வரை "கோபாக்கினையின் பிள்ளைகளாயிருந்தோம்", அதாவது தேவனுடைய கோபத்தின் கீழ் இருந்தோம் என்கிறது எபேசியர் 2:3. கட்டிய உடனே கணக்குத் தானாகத் தீர்ந்திருந்தால், அவர்கள் ஒருநாள்கூடக் கோபாக்கினையின் கீழ் இருந்திருக்க முடியாதே! குற்றமும் பணக்கடனும் ஒன்றல்ல. ஒருவருடைய தண்டனையை இன்னொருவர் சுமக்கும்போது, அதன் பலன் எப்போது, எந்த நிபந்தனையில் சேரும் என்பதை நீதிபதிதான் தீர்மானிக்கிறார். அதனால் அவர் எல்லாருக்காகவும் மரித்தார் என்றே நான் நம்புகிறேன். ஆனாலும் ஓவனுடைய தவிப்பு எனக்குப் புரிகிறது. சிலுவை வெறும் வாய்ப்பை மட்டும் தந்துவிட்டு நிற்கவில்லை, அது நிஜமாகவே ஆளைக் காப்பாற்றுகிறது என்பதைத்தான் அவர் விட்டுக்கொடுக்க மறுத்தார்.

(காட்சி: ஓரியூர் திருத்தலம்.)

தேவகோட்டையிலிருந்து திருவாடானை தாண்டிப் போனால் ஓரியூர். 1693-இல் கத்தோலிக்கப் பாதிரியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) வெட்டுண்ட மண். அவருடைய கத்தோலிக்க சபைக்கு இது முடிந்த வழக்கு. கிறிஸ்து பாடுபடாத மனிதன் இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை என்று 853-லேயே பிரான்சின் கியர்சியில் கூடிய சபைச் சங்கம் சொல்லிவிட்டது.

புராட்டஸ்டண்ட் பிரசங்கியாருக்குத்தான் சிக்கல். சந்தையில் முகம் தெரியாத ஒருவரிடம் "இயேசு உங்களுக்காக மரித்தார்" என்று அவர் சொல்லலாமா? ஓவன் வழி வந்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். "அவரிடம் வாருங்கள், வருகிற ஒருவரையும் அவர் தள்ளமாட்டார்" என்பார்கள்.

(காட்சி: வெஸ்லி, விட்ஃபீல்டு படங்கள்.)

நண்பர்களான இங்கிலாந்துப் பிரசங்கியார்கள் ஜான் வெஸ்லியும் ஜார்ஜ் விட்ஃபீல்டும் இந்தச் சண்டையில்தான் பிரிந்தார்கள். வெஸ்லி 'எல்லாருக்காகவும்' என்ற பக்கம், விட்ஃபீல்டு 'தெரிந்துகொண்டவர்களுக்காக' என்ற பக்கம். வெஸ்லி 1739-இல் இதைப் பற்றி ஒரு பிரசங்கத்தை அச்சிட்டார். விட்ஃபீல்டு 1740 டிசம்பரில் கடிதமாகப் பதில் எழுதினார். கருத்தில் இருவரும் கடைசிவரை இறங்கி வரவில்லை. அப்புறம் 1770-இல் விட்ஃபீல்டு இறந்தபோது, லண்டனில் அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.