அக்டோபரில் விழுந்த கோல், மே மாதத்தில் வந்த கோப்பை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் கால்பந்து ரசிகர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"ஐரோப்பிய லீக் பட்டத்தைத் தீர்மானிப்பது கடைசி நாளா, அதற்கு முன் ஓடிய ஒன்பது மாதங்களா?" இதுதான் இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய நண்பர் கடைசி நாளின் பக்கம் நின்று மூன்று சாட்சிகளைக் கூப்பிட்டார். 2012இல் மான்செஸ்டர் சிட்டியின் அகுவேரோ, 1989இல் ஆர்சனலின் மைக்கேல் தாமஸ், 2001இல் பயர்ன் மியூனிக்கின் ஆண்டர்சன். மூவருமே இன்ஜுரி டைமில், அதாவது 90 நிமிடத்துக்குப் பிறகு சேர்க்கும் நேரத்தில், கோல் அடித்து அணிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர்கள். வலுவான சாட்சிகள்தான். அதனால் நான் வேறு சாட்சி தேடப் போவதில்லை. அந்த மூவரையுமே குறுக்கு விசாரணை செய்கிறேன்.

முதலில் அகுவேரோ. 2012 மே 13, இங்கிலாந்து லீக்கின் கடைசி நாள். 37 ஆட்டங்கள் முடிந்திருந்தன. சிட்டிக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் தலா 86 புள்ளிகள். யுனைடெட் சண்டர்லேண்டில் 1-0 என்று வென்றுவிட்டது. சிட்டியோ சொந்த மைதானத்தில், 55ஆவது நிமிடத்திலிருந்து பத்துப் பேரோடு ஆடிய குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிடம், 90 நிமிடம் முடிந்த பிறகும் 1-2 என்று பின்தங்கி நின்றது. இன்ஜுரி டைமில் ஜெக்கோ தலையால் முட்டிச் சமன் செய்தார். 93 நிமிடம் 20 விநாடியில் அகுவேரோ வெற்றி கோலை அடித்தார். அந்தக் கோல் இல்லையென்றால் சிட்டிக்கு 87, யுனைடெட்டுக்கு 89, பட்டம் யுனைடெட்டுக்கு. இதுவரை நண்பர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கோல் செய்தது என்ன என்று பாருங்கள். சிட்டியை 89க்கு ஏற்றி யுனைடெட்டுக்குச் சமமாக நிறுத்தியது. சமமாக நின்ற இருவரில் ஒருவரை மேலே தூக்கியது கோல் வித்தியாசம், அதாவது சீசன் முழுக்க அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்த மிச்சம்: சிட்டிக்கு 64, யுனைடெட்டுக்கு 56. அந்த எட்டு கோல் எங்கே பிறந்தது? 2011 அக்டோபர் 23, ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம். யுனைடெட் 1, சிட்டி 6.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். சீசன் முடிவில் சிட்டி அடித்தது 93, வாங்கியது 29. யுனைடெட் அடித்தது 89, வாங்கியது 33. அக்டோபர் ஆட்டத்தைச் சிட்டி 6-1க்குப் பதிலாக 2-1 என்று வென்றிருந்தால், சிட்டி அடித்ததில் நான்கு குறைந்து 89 ஆகும். யுனைடெட் வாங்கியதிலும் நான்கு குறைந்து 29 ஆகும். இரண்டு அணிக்கும் 89 புள்ளி, அடித்தது 89, வாங்கியது 29. ஒரு நூலிழை வித்தியாசம்கூட இல்லை! அகுவேரோ அதே நிமிடத்தில் அதே கோலை அடித்திருந்தாலும் அன்று மாலை கோப்பையைத் தூக்கியிருக்க முடியாது. பொது மைதானத்தில் இன்னோர் ஆட்டம் வைத்திருக்க வேண்டும்.

அந்த 6-1 எப்படி நடந்தது என்பதும் முக்கியம். இடைவேளை முடிந்து வந்த உடனேயே யுனைடெட்டின் ஜானி எவன்ஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். 81ஆவது நிமிடத்தில் ஃபிளெட்சர் ஒரு கோல் போட்டபோது நிலவரம் 1-3. பத்துப் பேரோடு இரண்டு கோல் பின்தங்கிய அணி அந்த நேரத்தில் பின்வாங்கி நின்றிருந்தால் சேதம் அதோடு முடிந்திருக்கும். 3-1 என்று தோற்றாலும் 6-1 என்று தோற்றாலும் அன்றைக்குப் போகிற புள்ளி அதேதானே. யுனைடெட் இன்னும் கோல் தேடி முன்னே ஏறியது. பின்னால் திறந்து கிடந்த இடத்தில் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஜெக்கோ இரண்டு, சில்வா ஒன்று. மூன்று கோல் என்பது ஒருவருக்குக் கூட்டல் மூன்று, மற்றவருக்குக் கழித்தல் மூன்று, ஆக ஆறு. மே மாதத்தில் இருந்த எட்டு கோல் இடைவெளியில் ஆறு, அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் கடைசிச் சில நிமிடங்களில் விழுந்தவை.

இதன் விளைவு சண்டர்லேண்டில் தெரிந்தது. கடைசி நாள் காலையில் யுனைடெட் எட்டு கோல் பின்னால் இருந்தது. ஒரே நாளில் எட்டு கோல் இடைவெளியை அடைக்க எந்தப் பயிற்சியாளரும் திட்டம் போட முடியாது. ஆகவே அவர்களிடம் மிஞ்சிய வழி, தாங்கள் வென்றுவிட்டுச் சிட்டி சறுக்குமா என்று காத்திருப்பது மட்டுமே. கடைசி நாளில் என்ன ஆட்டம் ஆடலாம் என்ற உரிமையையே அக்டோபர் அவர்களிடமிருந்து பறித்துவிட்டது.

இன்னொரு தேதியையும் நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும். 2012 ஏப்ரல் 22. அதே ஓல்ட் டிராஃபோர்டில் எவர்ட்டனுக்கு எதிராக 83ஆவது நிமிடம் வரை யுனைடெட் 4-2 என்று முன்னால் இருந்தது. இரண்டு நிமிட இடைவெளியில் ஜெலாவிச்சும் பியனாரும் அடித்து 4-4 ஆக்கினார்கள். இரண்டு புள்ளி போயிற்று. அவை கையில் இருந்திருந்தால் யுனைடெட்டுக்கு 91. அகுவேரோவின் கோல் இரண்டாம் இடத்துக்கான கோலாக முடிந்திருக்கும்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள். அறுப்பது தையில் என்பதற்காக நெல் தையில்தான் விளைந்தது என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை.

இரண்டாவது சாட்சி மைக்கேல் தாமஸ். 1989 மே 26, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு. அங்கே போய் ஆர்சனல் இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். 52ஆவது நிமிடத்தில் ஆலன் ஸ்மித் ஒன்று, இன்ஜுரி டைமில் தாமஸ் ஒன்று. 2-0. இரண்டு அணிக்கும் 76 புள்ளி, கோல் வித்தியாசமும் இருவருக்கும் 37. அப்படியானால் ஆர்சனல் எப்படிச் சாம்பியன்? மொத்தம் அடித்த கோல்கள் ஆர்சனலுக்கு 73, லிவர்பூலுக்கு 65. ஆன்ஃபீல்டில் அடித்த இரண்டைக் கழித்தாலும் முந்தைய 37 ஆட்டங்களில் ஆர்சனல் 71 கோல் சேர்த்து வைத்திருந்தது. அந்தச் சேமிப்பு இல்லையென்றால் 2-0 போதாது, 3-0 வேண்டும்.

ஏன் இரண்டு கோல் தேவைப்பட்டது? மூன்று நாளுக்கு முன்பு வரை இரு அணிகளின் கோல் வித்தியாசமும் 35தான். மே 23 அன்று லிவர்பூல் வெஸ்ட் ஹாமை 5-1 என்று அடித்து 39க்குப் போனது. ஆர்சனலின் சுமையை அந்த ஆட்டம்தான் நிர்ணயித்தது. அதற்கும் மூன்று நாள் முன்னால், மே 20 அன்று, எஃப்.ஏ. கோப்பை என்ற வேறொரு போட்டியின் இறுதியாட்டத்தில் லிவர்பூல் எவர்ட்டனோடு 120 நிமிடம் ஓடியிருந்தது. ஏழு நாளில் மூன்று ஆட்டங்கள். ஏப்ரலில் நடக்க வேண்டிய ஆர்சனல் ஆட்டம் மே 26க்குத் தள்ளிப்போனதும், அட்டவணை இப்படி நெருக்கியடித்ததும் ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் மாண்ட துயரத்தால். அந்த அணி அந்த வாரங்களில் சுமந்த பாரத்தை, 91ஆவது நிமிடத்தை மட்டும் பார்க்கிறவர்களால் அளக்க முடியாது.

மூன்றாவது சாட்சி, ஆண்டர்சன். 2001 மே 19, ஜெர்மன் லீக்கின் கடைசி நாள். தன் ஆட்டத்தை 5-3 என்று வென்ற ஷால்கே, பட்டம் தனக்குத்தான் என்று நான்கு நிமிடம் கொண்டாடியது. ஹாம்பர்க்கில் 90ஆவது நிமிடத்தில் பார்பரேஸ் கோல் அடிக்க, பயர்ன் 0-1 என்று பின்னால் நின்றது. அப்போது ஹாம்பர்க் கோல்கீப்பர் ஷோபர், தன் அணிக்காரர் காலால் தள்ளிவிட்ட பந்தைக் கையால் பிடித்தார். 1992இல் வந்த விதிப்படி அது குற்றம். பெனால்டி கட்டத்துக்குள்ளேயே இன்டைரக்ட் ஃப்ரீ கிக். அதாவது நேராக அடித்தால் கோல் கணக்கில் வராது, வேறொருவர் முதலில் தொட வேண்டும். எஃபன்பெர்க் தொட்டுவிட, சுவர்போல நின்ற கூட்டத்துக்குள் ஆண்டர்சன் அடித்தார். 1-1. பயர்னுக்கு 63, ஷால்கேவுக்கு 62.

ஷால்கே ரசிகர்களின் கண்ணீர் நியாயமானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பட்டம் போன நாள் மே 19 அல்ல, ஒரு வாரம் முன்னால், மே 12. அன்று காலையில் இரண்டு அணிக்கும் 59 புள்ளி, கோல் வித்தியாசத்தில் ஷால்கே முன்னால். 90ஆவது நிமிடம் வரை பயர்ன் கைசர்ஸ்லாட்டர்னோடு 1-1, ஷால்கே ஸ்டுட்கார்ட்டில் 0-0. அப்போது மியூனிக்கில் சிக்லர் அடித்தார், ஸ்டுட்கார்ட்டில் பலகோவ் ஷால்கேவுக்கு எதிராக அடித்தார். பயர்ன் 62, ஷால்கே 59. அந்த இரண்டு ஆட்டமும் டிராவிலேயே முடிந்திருந்தால் இருவருக்கும் 60. மறுவாரம் ஷால்கே வென்று 63. ஆண்டர்சன் அந்த ஃப்ரீ கிக்கை உள்ளே அடித்தாலும் பயர்னுக்கு 61தான். டிரா போதும் என்ற நிலை மே 12 அன்று கிடைத்த பரிசு.

நண்பர் இன்னொரு வாதம் வைத்தார். "கடைசி நாளில் எல்லா ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் தொடங்குகிறார்களே, அந்த நாளுக்குத் தனி மதிப்பு இருப்பதால்தானே?" என்றார். அந்த வழக்கத்தின் வேரைத் தேடினால் 1982 ஜூன் 25, ஸ்பெயினின் ஹிஹோன் நகரம், உலகக் கோப்பை. அல்ஜீரியா முந்தைய நாளே தன் ஆட்டங்களை முடித்துவிட்டது. மேற்கு ஜெர்மனி ஒரு கோல் வித்தியாசத்தில் ஆஸ்திரியாவை வென்றால் இரண்டு அணியும் அடுத்த சுற்றுக்குப் போகும், அல்ஜீரியா வெளியே. 10ஆவது நிமிடத்தில் ஹ்ருபெஷ் கோல் அடித்தார். பிறகு மீதி நேரம் முழுக்க இரு அணியும் பந்தைச் சும்மா தள்ளிக்கொண்டிருந்தன. 1986 உலகக் கோப்பையிலிருந்து ஒவ்வொரு பிரிவின் கடைசி ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. முன்பே வந்த முடிவுகள் கடைசி ஆட்டத்தை எந்த அளவுக்கு ஆட்டிவைக்கும் என்று கண்ணால் பார்த்துப் பயந்ததால் வந்த விதி அது, நண்பரே. நீங்கள் கொண்டுவந்த ஆதாரம் எங்கள் பெட்டியில் இருக்க வேண்டியது.

அடுத்து ஸ்பெயின் லீக். அங்கே புள்ளி சமமானால் கோல் வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. அந்த இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களைத்தான் முதலில் எடுப்பார்கள். 2006-07 சீசனில் ரியல் மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் தலா 76 புள்ளி. கோல் வித்தியாசம் பார்சிலோனாவுக்கு 45, ரியலுக்கு 26. இங்கிலாந்து விதியில் பார்சிலோனா சாம்பியன். ஆனால் 2006 அக்டோபர் 22 அன்று ரியல் தன் மைதானத்தில் 2-0 என்று வென்றிருந்தது. மார்ச்சில் பார்சிலோனாவில் மெஸ்ஸி மூன்று கோல் அடித்தும் 3-3. ஆகவே நேருக்கு நேர் கணக்கில் ரியல். கடைசி நாளில் பார்சிலோனா ஜிம்னாஸ்டிக் அணியை 5-1 என்று வென்றது. பத்து கோல் அடித்திருந்தாலும் பயனில்லை. எட்டு மாதத்துக்கு முன் நடந்த ஆட்டத்தை ஜூன் 17 அன்று திருப்பி ஆட முடியாது.

கடைசி வாரப் பட்டியலைப் பார்க்கும்போது புள்ளியை மட்டும் எண்ணக் கூடாது. முதலில் அந்த நாட்டில் சமன் உடைக்கும் விதி எது என்று பார்க்க வேண்டும். கோல் வித்தியாசம் என்றால், ஒரே ஆட்டத்தில் புரட்ட முடிந்த அளவா என்று பார்க்க வேண்டும். இரண்டு, மூன்று என்றால் பயிற்சியாளர் துரத்தச் சொல்லலாம். எட்டு, பதினைந்து என்றால் அது ஒரு முழுப் புள்ளிக்குச் சமம், மனத்தில் அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள்.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. ஒரே ஒரு சீசனைச் சொல்லி அமர்கிறேன். 2023 மே 27, ஜெர்மன் லீக்கின் கடைசி நாள். டார்ட்மண்ட் இரண்டு புள்ளி முன்னிலையோடு, சொந்த மைதானத்தில், மைன்ஸுக்கு எதிராக இறங்கியது. இரண்டு புள்ளி முன்னிலை என்று உலகமே எழுதியது. ஆனால் கோல் வித்தியாசத்தில் பயர்ன் பதினான்கு முன்னால். அதனால் பயர்ன் வென்றால் டார்ட்மண்டுக்கு டிரா எதற்கும் உதவாது, வென்றே ஆக வேண்டும். அந்த அழுத்தத்தோடு ஆடி, 24 நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கி, ஒரு பெனால்டியையும் தவறவிட்டு, போராடி 2-2 என்று முடித்தது. கொலோனில் 89ஆவது நிமிடத்தில் முசியாலா அடிக்க, பயர்ன் 2-1. இருவருக்கும் 71. கோப்பை பயர்னுக்கு.

இப்போது ஏப்ரல் 15க்குப் போங்கள். ஸ்டுட்கார்ட்டில் டார்ட்மண்ட் 2-0 என்று முன்னால். 39ஆவது நிமிடத்தில் எதிரணியில் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. பதினோரு பேர், பத்துப் பேர், இரண்டு கோல் முன்னிலை. அதை 2-2 ஆக விட்டார்கள். இன்ஜுரி டைமில் ரெய்னா அடித்து 3-2 ஆக்கினார். அப்போதாவது பந்தைப் பிடித்து வைத்திருக்கலாம். 97ஆவது நிமிடத்தில் சிலாஸ் அடித்தார், 3-3. அந்த இரண்டு புள்ளி கையில் இருந்திருந்தால் மே 27 அன்று அதே 2-2 போதும். டார்ட்மண்ட் 73, பயர்ன் 71.

வணக்கம்.