உறவுமுறைக் கட்டம்

நேயர்களுக்கு வணக்கம். நான் கொடைக்கானலில் பத்திரம் எழுதுகிறவன். முப்பது வருடமாக இதே வேலை. முதலில் கையால் எழுதினேன், அப்புறம் தட்டச்சு, இப்போது கணினி. வெளியே மூட்டம் இறங்கியிருக்கிறது. மேலே மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் கேட்கிறவர்கள் அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருப்பீர்கள். கீழே தேனியிலும் வத்தலக்குண்டிலும் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் இருக்கும். ரேஷன் கார்டில் இருக்கும். வங்கியில் நாமினி போடும்போது இருக்கும். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்குகிற தாளில் இருக்கும். மனைவி, கணவர், மகன் என்று நாம் யோசிக்காமல் நிரப்பிவிட்டுப் போகிறோம். அந்தக் கட்டத்தில் எழுத ஒரு சொல் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். இந்த மலையிலும் இருக்கிறார்கள்.

என்ன பேசப் போகிறீர்கள் என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். தன்பாலினத் திருமணம் பற்றி அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பராக் ஒபாமா 16 வருடங்களில் என்னென்ன சொன்னார் என்று பேசப் போகிறேன் என்றேன். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி மணந்துகொள்வது, அந்த விஷயம்தான். பத்திரம் எழுதுகிறவனுக்கு ஒபாமாவோடு என்ன பேச்சு என்று உங்களுக்குத் தோன்றும். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996. ஒபாமாவுக்கு அப்போது 34 வயது. இல்லினாய் மாநில செனட்டுக்கு முதல்முறையாகப் போட்டியிடுகிறார். சிகாகோவில் தன்பாலீர்ப்பாளர்களுக்காக நடந்துவந்த 'அவுட்லைன்ஸ்' என்ற பத்திரிகை வேட்பாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. அவர் தட்டச்சு செய்து பதில் அனுப்பினார். தன்பாலினத் திருமணங்களைச் சட்டப்பூர்வமாக்குவதை ஆதரிக்கிறேன், அவற்றைத் தடை செய்யும் முயற்சிகளை எதிர்த்துப் போராடுவேன் என்பது பதில். கீழே கையெழுத்து.

கையெழுத்து என்றால் எனக்கு ஒரு மரியாதை உண்டு. பத்திரத்தை வாசித்துக் காட்டி, 'புரிந்ததா, சம்மதமா' என்று கேட்டுத்தான் பேனாவைக் கையில் கொடுப்பேன். அதற்குப் பிறகு 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்ற பேச்சு எடுபடாது. 2011-இல் வெள்ளை மாளிகை அதிகாரி ஒருவர், அந்தக் கேள்வித்தாளை வேறு யாரோ நிரப்பினார்கள் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார். பிறகு அது தவறு என்று வெள்ளை மாளிகையே திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. கையெழுத்து அங்கே அப்படியே இருந்தது.

சரி, அடுத்து 1998. அதே மாதிரிக் கேள்விக்கு 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்கிறார். 2004-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட்டுக்குப் போட்டியிடும்போது, திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்கிறார். 2008 ஆகஸ்ட்டில், ஜனாதிபதித் தேர்தலுக்கு மூன்று மாதம் முன்னால், கலிபோர்னியாவில் ஒரு பெரிய தேவாலயத்து மேடையில் போதகர் கேட்கிறார், திருமணம் என்றால் என்ன என்று. ஆணும் பெண்ணும் இணைவது என்கிறார். கிறிஸ்தவனான எனக்கு அது புனிதமானது, கடவுளும் அதில் இருக்கிறார் என்கிறார். கைதட்டல்.

அதே சமயத்தில் கலிபோர்னியாவில் தன்பாலினத் திருமணத்தைத் தடை செய்யக் கேட்டு ஒரு மக்கள் வாக்கெடுப்பு வந்தது. தடை வேண்டாம் என்றுதான் ஒபாமா சொன்னார். ஆனால் தடை கேட்டவர்கள் அவருடைய அந்த 'ஆணும் பெண்ணும்' வாக்கியத்தையே பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். நவம்பர் 4-ஆம் தேதி அவரும் ஜெயித்தார், தடையும் ஜெயித்தது. ஒரே நாளில். தலைவர் வாயிலிருந்து வந்த சொல், அவர் நினைத்த இடத்தோடு நின்றுவிடுவதில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2010-இல், இந்த விஷயத்தில் என் உணர்வுகள் மாறிக்கொண்டே வருகின்றன என்றார். 1996-இலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனிதர். அவருடைய நெருங்கிய ஆலோசகர் டேவிட் ஆக்சல்ராட் 2015-இல் வெளியான தன் நினைவுகளில் எழுதினார்: ஒபாமா மனதளவில் எப்போதும் ஆதரவாகத்தான் இருந்தார், கறுப்பின தேவாலயங்களின் எதிர்ப்பை நினைத்து வெளியே வேறு மாதிரிப் பேசச் சம்மதித்தார் என்று. என் சொந்த உணர்வையும் நான் எடுத்த நிலைப்பாட்டையும் ஆக்சல்ராட் குழப்பிக்கொள்கிறார் என்று ஒபாமா பதில் சொன்னார். எப்படிப் பார்த்தாலும், தெரிந்ததைத் தெரியாததுபோல் பேசிய வருடங்கள் அவை. என் வருத்தம் அந்த வருடங்களைப் பற்றித்தான். மனிதன் மனம் மாறுவது குற்றமே இல்லை.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். 2013-இல் செய்தித்தாளில் ஒரு வழக்கைப் படித்தேன். நியூயார்க்கில் ஈடித் வின்ட்சர், தியா ஸ்பையர் என்று இரண்டு பெண்கள். 40 வருடத்துக்கும் மேலாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். 1967-இல் நிச்சயம் செய்துகொண்டார்கள். மோதிரம் போட்டால் வேலை செய்யும் இடத்தில் மாப்பிள்ளை யார் என்று கேட்பார்களே! அதனால் தியா மோதிரத்துக்குப் பதிலாக, வட்டமாக வைரம் பதித்த ஒரு ப்ரூச், அதாவது உடையில் குத்திக்கொள்கிற நகை, கொடுத்தார். பிறகு தியாவுக்கு நரம்பு நோய் வந்து உடம்பு மெல்ல மெல்ல முடங்கியது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் ஈடித். 2007-இல் கனடாவுக்குப் போய்ச் சட்டப்படி மணந்துகொண்டார்கள். 2009 பிப்ரவரியில் தியா இறந்தார். ஒபாமா பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகவில்லை.

சொத்தை ஈடித்துக்குத்தான் எழுதி வைத்திருந்தார். கணவன் மனைவிக்குள் போகிற சொத்துக்கு அங்கே வரி கிடையாது. ஆனால் 1996-இல் போட்ட ஒரு சட்டம், மத்திய அரசைப் பொறுத்தவரை திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்றது. ஆகவே ஈடித் வெளியாள். வரி 3,63,053 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 1.7 கோடி ரூபாய். 79 வயதில் துணையை இழந்தவர், அந்தப் பணத்தையும் கட்டினார். கட்டியது யாருடைய அரசுக்கு? ஒபாமா அரசுக்கு.

உறவு இருந்தால் ஒரு வரி, இல்லாவிட்டால் வேறு வரி. இதை நான் தினமும் எழுதுகிறேன். நம் ஊரில் குடும்பத்தாருக்குத் தான செட்டில்மென்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 1. வெளியாருக்கு எழுதினால் நூற்றுக்கு 7.

2014-இல் பூம்பாறைப் பக்கமிருந்து இரண்டு பெண்கள் என் மேசைக்கு வந்தார்கள். மூத்தவருக்கு அறுபது இருக்கும், இளையவருக்கு ஐம்பது. இரண்டு பேர் விரல் நகத்திலும் பூண்டுக் காட்டு மண். ஒரே கம்பளியை மாற்றி மாற்றிப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார்கள் போல, பேச்சு நடுவில் இளையவர் எடுத்து மூத்தவர் தோளில் போட்டார். மூத்தவர் பேரில் இருக்கிற காட்டை இளையவர் பேருக்கு எழுத வேண்டும். வழிகாட்டி மதிப்பு 6 லட்சம். எழுத ஆரம்பித்தேன். 'உறவுமுறை என்ன போட, அக்கா?' என்றேன். இளையவர் மூத்தவர் முகத்தைப் பார்த்தார். மூத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: 'கூடவே இருக்கிறவள்னு போடு தம்பி. இருபத்தாறு வருசமா.'

நான் வேறு எதுவும் கேட்கவில்லை. கணக்கைச் சொன்னேன். தங்கை, மகள் என்று ஏதாவது இருந்தால் 6,000 ரூபாய். எதுவும் இல்லாவிட்டால் 42,000. உயில் எழுதுங்கள், அதற்குத் தீர்வையே கிடையாது என்றும் சொன்னேன். 'சாவு பேச்சு இப்ப எதுக்கு? அடுத்த அறுப்பு முடியட்டும், காசு கொண்டாந்து கட்டிடுறோம்' என்று மூத்தவர் எழுந்துவிட்டார்.

அடுத்த அறுப்புக்கு இளையவர் மட்டும் வந்தார். அதே கம்பளி. வாரிசுச் சான்றிதழுக்குத் தன் பேரையும் சேர்த்து மனு எழுத முடியுமா என்று கேட்டார். மூத்தவருடைய அண்ணன் பிள்ளைகள் காட்டுக்கு வந்துவிட்டார்களாம். முடியாது என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன வாய் இது. அவர் வத்தலக்குண்டில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அப்போதிலிருந்துதான் ஒபாமா சொன்னதை எல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அவரிடம் நான் அதிகம் எதிர்பார்க்கக் காரணம் இருக்கிறது. ஒபாமாவின் அம்மா வெள்ளைக்காரர், அப்பா கென்யாக்காரர். 1961-இல் ஹவாயில் மணந்தார்கள். அன்றைக்கு அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்தத் திருமணம் செல்லாது. அப்படிப்பட்ட தடை மிச்சமிருந்த 16 மாநிலங்களிலும் அதை உச்ச நீதிமன்றம் அடித்து நொறுக்கியது 1967-இல். ஒபாமாவுக்கு அப்போது ஐந்து வயது.

1967-ஐக் கவனியுங்கள். என் அப்பாவும் அம்மாவும் 1958-இல் வத்தலக்குண்டில் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஐயர் இல்லை, தீ வலம் இல்லை. சுயமரியாதைத் திருமணம். அது சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. அண்ணா ஆட்சியில், 1967-இல் சட்டம் வந்தது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது. ஒன்பது வருடம் என் அம்மா அந்தக் கட்டத்தில் மனைவி இல்லை. வீட்டுக்குள் எதுவுமே மாறவில்லை, வெளியில் மட்டும் ஒரு நாளில் எல்லாம் மாறியது என்று அம்மா சொல்வார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவனுக்கு இது தெரியும். ஒபாமாவுக்கும் தெரியும்.

அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். 2011 பிப்ரவரியில், 1996 சட்டத்தின் அந்தப் பிரிவை இனி நீதிமன்றத்தில் எங்கள் அரசு தாங்கிப் பேசாது என்று அறிவித்தார். 2012 மே 6-ஆம் தேதி துணை ஜனாதிபதி ஜோ பைடன் தொலைக்காட்சியில் ஆதரவாகப் பேசிவிட்டார். 8-ஆம் தேதி வட கரோலினா மக்கள் தடைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள், நூற்றுக்கு 61 பேர். மறுநாள், 9-ஆம் தேதி, ஏபிசி தொலைக்காட்சியில் ராபின் ராபர்ட்ஸிடம் ஒபாமா சொன்னார்: அவர்கள் மணந்துகொள்ள முடிய வேண்டும். மகள்களின் தோழிகளில் சிலருடைய பெற்றோர் தன்பாலினத் தம்பதிகள், அவர்களை வேறு விதமாக நடத்துவது மகள்களுக்குப் புரியவே இல்லை என்றார். தேர்தலுக்கு ஆறு மாதம் இருந்தது. அதற்குப் பிறகு சொல்லியிருக்கலாம், முன்பே சொன்னார். 2013 ஜூன் 26-ஆம் தேதி ஈடித் வின்ட்சர் ஜெயித்தார், அன்றைக்கே ஒபாமா அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். 2015-இல் அதே தேதியில் நாடு முழுவதும் அந்தத் திருமணம் சட்டமாயிற்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. நம் பக்கத்தை விரிவாகப் பேச நினைத்தேன். வேகமாகச் சொல்கிறேன். 2021-இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்பு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு தீர்ப்பு எழுதினார். அந்தத் தீர்ப்பின் பக்கங்களை நீங்கள் படிக்க வேண்டும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், திருமண உரிமையைத் தர வேண்டியது நாடாளுமன்றம் என்று விட்டுவிட்டது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியில்லை என்றது. கட்டம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

ஒரு நிமிடம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற யாராவது அந்த இரண்டு அக்காக்களைப் போல இருந்தால், அறுப்பு முடியட்டும் என்று இருக்க வேண்டாம். உயிலுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். சாட்சிக் கையெழுத்து இரண்டு பேர், சொத்துப் பெறுகிறவர் அதில் இல்லாமல் இருப்பது நல்லது. பதிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது. யாருக்கு என்று பெயரும் விலாசமும் தெளிவாக இருந்தால் சரி, உறவுமுறை எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வணக்கம்.