நிறுவனத்துக்கு முன்னே நின்றவர்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி அறிஞர்களே, அவையோரே, வணக்கம்.

ஊரின் வரலாற்றைக் காப்பது நிறுவனமா, தனிமனிதத் தொண்டா என்ற இவ்வழக்கில், வாழ்நாளை ஆவணம் தேடுவதிலேயே செலவிட்ட யாழ்ப்பாணத்துக் குரும்பசிட்டி ஊரின் இரா. கனகரத்தினம் அவர்களை நெஞ்சில் வைத்து, தொண்டே என்று வாதாட வந்திருக்கிறேன்.

தனிமனிதரின் சேகரிப்பு அவரோடு அழியும், கட்டடமும் நிதியும் உள்ள நிறுவனமே தலைமுறை கடந்து நிற்கும் என்றார் எதிரணித் தலைவர். யாழ்ப்பாணத்து மண்ணில் நின்றுகொண்டு அதை ஏற்க என்னால் முடியவில்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் எரிந்தது கட்டடமும் ஊழியரும் நிதியும் உள்ள ஒரு பெரும் நூலகம், யாழ்ப்பாணப் பொது நூலகம். ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளும் அதனோடு போயின. அதே நாள்களில் ஈழநாடு பத்திரிகைப் பணிமனையும் தீக்கிரையானது. அந்த நூலகத்தின் பிறப்பை எண்ணிப் பாருங்கள்: 1933இல் க. மு. செல்லப்பா என்ற ஒருவர் தம் வீட்டிலிருந்த நூல்களைப் பிறருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு அது பொது நூலகமாயிற்று. நிறுவனம் பின்னரே வந்தது.

கனகரத்தினம் அவர்கள் செய்த வேலையின் தன்மையையும் அவை அறிய வேண்டும். பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். தாள் நிலைக்காது என்று உணர்ந்து, நுண்படச் (மைக்ரோஃபிலிம்) சுருள்களாகவும் அவற்றை ஆக்கினார். 'ஆவணஞானி' என்று தமிழர் அவரை அழைத்தது புகழ்ச்சிக்காக அன்று. அவர் பெயரோடு ஒட்டிய குரும்பசிட்டியோ 1990இல் மக்கள் வெளியேறி, நெடுங்காலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது.

ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் ஒப்பவில்லை. நம் வீடுகளில், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கன்று கொடுக்கும் நினைவு மலரை எந்த நிறுவனம் முதலில் மதித்தது? இறந்தவரின் பூர்வீகம், கொண்டான் கொடுத்தான் உறவு, ஊர்க் கோயிலுக்கும் பள்ளிக்கும் அவர் செய்தவை, கொழும்புக்கும் மலாயாவுக்கும் போய் உழைத்த கதை அனைத்தும் அதில் இருக்கும். பழைய காணி உறுதிகளும் (நிலப் பத்திரங்களும்), கும்பாபிஷேக மலர்களும், பள்ளிச் சஞ்சிகைகளும் அப்படியே. சரசாலையில் ஒரு குளத்தையோ வல்வெட்டித்துறையில் ஒரு கப்பலோட்டியையோ பற்றி எழுத விரும்பும் ஆய்வாளர் இத்தகைய தாள்களையே நாட வேண்டியிருக்கிறது. அவற்றைக் குப்பையென எறியாமல் எடுத்து வைத்தவர்கள் ஊதியமில்லாத ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும்தான்.

தொண்டரின் சேகரிப்புக்கு ஒரு நிலையான இடம் தேவை என்பதை மறுக்கவில்லை. ஆயினும், 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணையவழி எண்ணிம நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் தன்னார்வலர்களின் உழைப்பில் எழுந்தது. வீடுகளில் எஞ்சிய பிரதிகள் ஸ்கேன் செய்யப்பட்டு அதில் ஏறின. அப்பிரதிகளை அதுவரை எந்த நிறுவனம் காத்து வைத்திருந்தது என்பதற்கு எதிரணித் தலைவர் பதில் சொல்லட்டும்.

வணக்கம்.