மதியம் தூங்கினேன் என்று சொல்ல ஏன் கூசுகிறது?

[காட்சி: மின்விசிறி. பாய். அடிக்கும் போன்.]

மதியம் இரண்டரை. பாயில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். சித்தியிடமிருந்து போன். எடுப்பதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்கிறேன், தூக்கக் குரல் தெரிந்துவிடக் கூடாது பாருங்கள்.

"தூங்கிட்டிருந்தியாப்பா?"

"சேச்சே, இல்ல சித்தி. சும்மாதான் உக்காந்திருந்தேன்."

கன்னத்தில் பாய்க்கோடு அப்படியே பதிந்திருக்கிறது.

[காட்சி: புதுச்சேரிக் கடைவீதி, இறக்கிய ஷட்டர்கள்.]

அதுவும் எந்த ஊரில் இருந்துகொண்டு இந்தப் பொய்? மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு நான்கு மணி வாக்கில் திறக்கும் கடைகள் இன்னும் இருக்கிற புதுச்சேரியில். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கம் என்பார்கள். நான் பாதிதான் நம்புகிறேன். விடியுமுன் கடலுக்குப் போய்வந்த வைத்திக்குப்பத்து ஆள் படகு நிழலில் கண்ணயர பிரான்ஸ் எதற்கு?

மதியம் வரும் அசதிக்குச் சோற்றைக் குறை சொல்கிறோம். சாப்பிடாவிட்டாலும் அது வரும். உடம்புக்குள் ஓடும் 24 மணி நேரக் கடிகாரம் அந்த வேளையில் விழிப்பைச் சற்று இறக்குகிறது. 20 நிமிடம் படுத்தால் தெளிவு, அதிகம் போனால் தலை கனக்கும். சரி, இது எல்லோரும் சொல்வதுதான். கூச்சம் எங்கிருந்து வருகிறது?

[காட்சி: கடலூர் சாலை, மூடிக்கிடக்கும் பஞ்சாலை.]

1936 ஜூலை 30. வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டுப் போராடிய சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டது. 12 பேர் இறந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா பிரான்ஸ் வரை போய்ப் பேசினார். 1937-ல் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. ஓய்வுக்காக உயிர் கொடுத்த ஊர் இது.

அன்று மில் சங்கு இருந்தது. ஊதினால் உள்ளே, மறுபடி ஊதினால் வெளியே. அப்புறம் திண்ணையில் கால் நீட்டினால் 'ஷிப்ட் முடிஞ்சு வந்திருக்கார், சத்தம் போடாதே' என்று பிள்ளைகளை அதட்டுவார்கள். 1898-ல் இங்கே தொடங்கிய ஏஎஃப்டி (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) மில்லும் 2020-ல் மூடியாகிவிட்டது. நம் வேலை முடிந்ததைச் சொல்ல எந்தச் சத்தமும் இல்லை. இரவு ஒன்பதுக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு 'டிங்'. முடிந்தது என்று யாரும் சொல்லாத வேலையை மனசு பாயிலும் சுமக்கிறது. படுத்தால் பாதியில் ஓடிவந்த மாதிரி இருக்கிறது.

வீட்டுப் பெண்களுக்கோ அந்தச் சங்கு ஒருநாளும் ஊதியதில்லை. அம்மா படுத்தாலும் ஒரு காது வாசலில்தான். பால்காரர் மணியடிப்பதற்குள் எழுந்து, முகம் கழுவி, படுக்கவே இல்லாதவர் போல் நிற்பார்.

[காட்சி: மறுபடி அதே பாய்.]

போன வாரம் சித்தி மறுபடி கூப்பிட்டார். நான் செருமவில்லை.

"தூங்கிட்டிருந்தேன் சித்தி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நானும் இப்பதாம்ப்பா எழுந்தேன்" என்றார்.